நான் கடலில் எறிந்த சங்கு நண்டு

சென்ற மாதம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் நாற்காலி, மேசை, மேசைமேல் தண்ணீர் பாட்டில். எதிரே தரையில் பிள்ளைகள். சிலர் மடியில் நான் எழுதிய கதைப்புத்தகம் இருந்தது. ஒரு பையன் எழுந்து, "ஆன்ட்டி, அந்தச் சங்கு நண்டு நிஜமா, இல்ல நீங்க சும்மா அடிச்சு விட்டதா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் அவனைப் பார்த்துக் கண்ணை உருட்டினார்.

"நிஜந்தான்" என்றேன். மைக்குக்கே அது கேட்கவில்லை. பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன். மறுபடியும் குடித்தேன். அதற்குள் டீச்சர் நன்றி சொல்லி முடித்துவிட்டார்.

அந்தப் பையனுக்குப் பதில் சொல்லாமல் வந்தது தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. எனக்குப் பேச வராது. ஐந்தாம் வகுப்பு வரை கற்ற எழுத்து இருக்கிறது, அதில் சொல்லிவிடுகிறேன். நண்டு நிஜம். அதைக் கொல்லப் பார்த்த கையும் நிஜம். அது என் கை.

நான் விமான நிலையத்தில் ஒப்பந்தக்காரர் மூலமாக ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தவள். ஹவுஸ்கீப்பிங் என்றால் பெரிதாகத் தெரியும். மாப் போடுகிற வேலைதான். என் வீட்டுக்காரர் கட்டட வேலைக்காக இந்தத் தீவுக்கு வந்தவர். அவர் காலமான பிறகும் நான் கராச்சர்மாவில் அதே ஒற்றை அறை வீட்டில் இருந்துகொண்டு, காலையில் பஸ் பிடித்து வேலைக்குப் போய் வந்தேன். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. மாப் பிடித்தவளிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதிகாரி யாராவது எதிரே வந்தால் தூணுக்கு அந்தப் பக்கம் போய்த் துடைப்பேன். அந்தத் தூணின் மறுபக்கம் எப்போதும் பளபளவென்று இருக்கும்.

பரிசோதனை நடக்கிற இடத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் கிரேட் இருந்தது, பால் பாக்கெட் அடுக்குகிற பெட்டி மாதிரி. இந்தத் தீவிலிருந்து சங்கு, சிப்பி, பவளம் எதையும் பில் இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. கடற்கரையில் பொறுக்கியதற்கு யார் பில் கொடுப்பார்கள்? அதனால் சுற்றுலா வந்தவர்களின் பைகளிலிருந்து எடுத்ததெல்லாம் அந்தக் கிரேட்டில் விழும். புதுப்பெண்கள் கெஞ்சுவார்கள். குழந்தைகள் அழும். பரிசோதனையில் நிற்கிற பெண் காவலர் கெட்டவர் இல்லை. இருந்தாலும் நாள் முழுக்க "பில் ஹை? பில்?" என்று கேட்டுக்கேட்டு அவர் குரலே ஒரு மணி மாதிரி ஆகியிருந்தது.

ஒரு மார்ச் மாதக் காலையில் கிரேட்டுக்குப் பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே கரகரவென்று சத்தம். எலி என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் ஒரு சங்கு, மற்றச் சங்குகளின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. எலுமிச்சம்பழ அளவு இருக்கும். அதன் முதுகில் ரோஸ் நிற நகப்பாலிஷில் ஐந்து புள்ளி, பூ மாதிரி. ஏதோ ஒரு குழந்தை, இது என்னுடையது என்று வைத்த அடையாளம். அடியில், உள்ளே குடியிருந்த நண்டின் பெரிய ஊதாக் கொடுக்கு ஒன்று. ஏறும், வழுக்கி விழும், கொடுக்கைக் கதவு மாதிரி வாசலில் சாத்திக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்து மறுபடியும் ஏறும்.

பெண் காவலரும் எட்டிப் பார்த்தார். "அரே மௌசி! இது உயிரோட இருக்கு!" என்று என்னைச் சித்தி முறையில் கூப்பிட்டு, இந்தியில் கத்திவிட்டு இரண்டடி பின்னால் குதித்தார். இடுப்பில் துப்பாக்கி வைத்திருக்கிறவர் எலுமிச்சம்பழத்துக்குப் பயந்ததைப் பார்த்ததும் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. அந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து யாரிடமும் எதையும் கேட்காதவள், "நான் கொண்டுபோய்க் கடல்ல விட்டுட்டு வரட்டுமா?" என்று கேட்டேன். அவர் உள்ளே போய் மேலதிகாரியிடம் கேட்டு வந்தார். "புண்ணியமா போகும், எடுத்துட்டுப் போங்கன்னு சொல்றார். ஆனா மௌசி, வறுத்துச் சாப்பிட்டுடாதீங்க."

என் டிபன் டப்பாவைக் கழுவி, ஈரத் துணி விரித்து, அதில் அதை உட்கார வைத்தேன். மூடியை லேசாகத் திறந்து ரப்பர் பேண்ட் போட்டேன். மதியம் வேலை முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் வண்டூர் பஸ்ஸில் ஏறினேன். வண்டூர் கடற்கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை உண்டு. குளிப்பதற்கென்று ஒரு துண்டு இடத்தில் மட்டும் வலை கட்டி வைத்திருப்பார்கள். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்த வலைக்குள் முழங்கால் தண்ணீர் வரை போனேன். கரையோரம் விட்டால் மறுபடி யாராவது எடுத்துவிடுவார்கள் என்று, கையை ஓங்கி, முடிந்த மட்டும் தூரமாக எறிந்தேன். "போ, போய்ப் பிழைச்சுக்கோ" என்று சத்தமாகவே சொன்னேன். சின்னதாக ஒரு தண்ணீர்ப் பூ எழுந்து அடங்கியது.

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது நான் சிரித்துக்கொண்டே வந்தேன் என்று நினைக்கிறேன்.

பக்கத்து வீட்டில் திருநெல்வேலிக் குடும்பம். தாய் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். மகள் அப்போது நாலாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்தால் தாய் வரும்வரை என் வாசற்படியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். அந்தச் சந்தில் எல்லோருக்கும் நான் ஆன்ட்டி. அவளுக்கும் அப்படித்தான். நான் செய்த நல்ல காரியத்தை முதன்முதலில் அவளிடம்தான் சொன்னேன்.

அவள் பென்சிலைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஆன்ட்டி! தண்ணியிலயா போட்டீங்க?"

"பின்னே? நண்டுன்னா கடல்தானே?"

"அரே, அது தரையில இருக்கிற நண்டு! மரத்தடியில இருக்கும். ரொம்ப நேரம் தண்ணிக்குள்ள இருந்தா செத்துப்போயிடும். எங்க மேம் சொன்னாங்க. எல்லாருக்கும் தெரியும்!"

அந்த நேரம் பார்த்து அவள் தாய் வந்தாள். "ஏட்டி, பெரியவங்ககிட்ட இப்படியா கத்துவ?" என்று அதட்டினாள். நான் எழுந்து உள்ளே போய், அந்த டிபன் டப்பாவை மறுபடியும் மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தேன்.

நாற்பது வருஷம் தீவில் இருந்திருக்கிறேன். நண்டைக் குழம்பில் பார்த்த அளவுக்கு மண்ணில் பார்த்ததில்லை. எந்தப் பக்கம் போனாலும் என்னை, "மெயின்லேண்டுக்கு எப்போ போறீங்க?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மெயின்லேண்ட் என்றால் கடலுக்கு அக்கரையில் இருக்கிற சொந்த ஊர்ப்பக்கம். எனக்கு அங்கே வீடும் இல்லை, வாசலும் இல்லை. கேட்கிறவர்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் சுருக்கென்று இருக்கும். வெட்கத்தில் நகர்ந்துவிடுவேன். அதே காரியத்தைத்தான் நான் அந்த நண்டுக்குச் செய்திருந்தேன். உன் வீடு எது என்று கேட்காமல், கடல்தான் உன் வீடு, போ என்று தூக்கி எறிந்திருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் வந்து படியில் உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது. நேற்றுக் கத்தியதற்கு அவளுக்கும் வருத்தம் போல. "ஆன்ட்டி, ஒருவேளை அது நடந்து வந்திருக்குமோ?" என்றாள்.

"எங்கேயிருந்து?"

"கடலுக்கு அடியிலதான். மண்ணு மேல நடந்து நடந்து."

"வரும், வரும்" என்றேன். அவளுக்காகச் சொன்னேனா எனக்காகச் சொன்னேனா, தெரியாது. "முதல்ல அதுக்கு எந்தப் பக்கம் கரைன்னு தெரியலை. மேலே பார்த்தது. வெளிச்சம் ஆடுச்சு."

"அப்புறம்?"

கதை அங்கே ஆரம்பித்தது. ஒரு நீள நோட்டு வாங்கினேன். எழுத்துப்பிழை வந்தால் அழிக்கலாம் என்று பென்சிலில் எழுதினேன். பகலில் விமான நிலையத்தில் பார்த்ததெல்லாம் சாயங்காலம் கதைக்குள் வந்தது. பைகள் போகிற பெல்ட்டும், அதன் வாசலில் தொங்குகிற கறுப்பு ரப்பர் பட்டைகளும் ஒரு குகை ஆயின. மோப்பம் பிடிக்கிற நாய், தூக்கத்தில் ஆழ்ந்த ஒரு நல்ல ராஜாவானது. நீலக் கிரேட் சிறைச்சாலை. அதற்குள்ளே பேசாத சங்குகள் நூறு, பேசுகிற சங்கு ஒன்று. மாப் வைத்துக்கொண்டு வருகிற ராட்சசி ஒருத்தியும் உண்டு. அவள்தான் நண்டைக் கடலில் எறிகிறவள்.

"அந்த ராட்சசி கெட்டவளா?" என்று பெண் கேட்டாள்.

"இல்லை. அவளுக்குத் தெரியலை."

"தெரியலைன்னா கேட்டிருக்கலாமே!"

"அவளுக்கு வெட்கம். யார்கிட்டயும் கேட்கமாட்டா."

பெண் பென்சிலை என் பக்கம் தள்ளினாள். பிறகு, "சரி, அதையும் எழுதுங்க" என்றாள்.

அவள் லேசுப்பட்டவள் இல்லை. நண்டு நீந்தியது என்று ஒரு நாள் எழுதிவிட்டேன். "ஜூட்! இதுக்கு நீந்தத் தெரியாது" என்று அந்தப் பக்கத்தையே அழிக்க வைத்தாள். ஜூட் என்றால் பொய். எட்டுக் கால் என்று எழுதியதற்கும் ஜூட். பத்து, அதில் நாலு சங்குக்குள்ளேயே ஒளிந்திருக்கும் என்றாள். எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்! தெரியாததைக் கேட்கிற பழக்கம் எனக்கு அந்தப் படியில்தான் வந்தது.

நண்டு கரைக்கு வருகிற கடைசி அத்தியாயத்தை மட்டும் எழுத அவள் விடவில்லை. "அது உயிரோட இருக்கான்னு நமக்கே தெரியாது. தெரியாம எழுதினா ஜூட்தானே?" என்றாள். எனக்கும் அதைத் தாண்ட முடியவில்லை. பென்சிலை எடுத்தால் அந்தச் சின்னத் தண்ணீர்ப் பூதான் கண்ணுக்கு வந்தது. நான் அதைக் கொன்றேனா இல்லையா என்று தெரியாமல், அது பிழைத்தது என்று எந்த முகத்தோடு எழுதுவது?

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டூருக்குத் தேடப் போனோம். முதல் வாரம் அவள் தாயும் வந்தாள். "யக்கா, ஒரு நண்டைத் தேடி அலையுதோம்னு எங்க அம்மாகிட்ட போன்ல சொன்னா, மசாலா அரைச்சு வைக்கட்டான்னு கேக்கா" என்றாள். அடுத்த வாரத்திலிருந்து, "துணி துவைக்கணும், நீங்க போயிட்டு வாங்க" என்று மகளை மட்டும் அனுப்பினாள்.

கடற்கரையில் அலை தொடாத இடத்தில் மரங்கள் ஆரம்பிக்கும். சுனாமியில் சாய்ந்த பெரிய மரங்கள் வெள்ளை வெளேரென்று கிடக்கும். அவற்றின் அடியில் உதிர்ந்த இலைகளுக்குள் பார்த்தால் சங்கு நண்டுகள் நூற்றுக்கணக்கில். இத்தனை வருஷம் இவை என் காலடியில்தான் இருந்திருக்கின்றன. பழுப்புச் சங்கு, கோடு போட்ட சங்கு, உடைந்த சங்கு. சங்கு கிடைக்காமல் பாட்டில் மூடிக்குள் உட்கார்ந்த நண்டும் இருந்தது. ஒன்று தைல டப்பா மூடியைத் தூக்கிக்கொண்டு, புதுத் தொப்பி போட்ட மாப்பிள்ளை மாதிரி போனது. நாங்கள் ரோஸ் புள்ளியை மட்டும் தேடினோம். மண்டியிட்டுத் தேடி என் முழங்கால் வீங்கியது.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் ஒரு சடங்கு உண்டு. பெண் தன் தலைவாரும் பிரஷ்ஷை எடுத்து, விமான நிலையத்தில் காவலர் செய்வது போல என் மேல் மேலும் கீழும் காட்டுவாள். வாயாலேயே கீ கீ என்று சத்தம். நான் கையை விரித்து நிற்க வேண்டும். பிறகு நான் அவளுக்குச் செய்ய வேண்டும். ஒரு சிப்பிகூட நம்மோடு வரக் கூடாது, அது மற்ற நண்டுகளின் வீடு என்பது அவள் சட்டம். வருகிறவர் போகிறவர் பார்ப்பார்கள். முதல் வாரம் எனக்கு உயிர் போயிற்று. போகப்போகப் பழகிவிட்டது. பஸ் கண்டக்டர் வங்காளி. "க்யா மௌசி, இன்னைக்கும் கேக்டா கிடைக்கலையா?" என்று கேட்பார். கேக்டா என்றால் நண்டு. இல்லை என்று தலையாட்டுவேன்.

இப்படி ஆறு ஞாயிறு போயிற்று. மே மாதம் பாதி ஆகிவிட்டது. மழை பிடித்துக்கொண்டால் கடல் மரங்களுக்குள் ஏறிவிடும், அப்புறம் எதையும் தேட முடியாது. ஏழாவது ஞாயிறு காலையிலேயே வானம் கறுத்திருந்தது. "இதான் கடைசி" என்று அவள் தாய் சொல்லித்தான் அனுப்பினாள். நாங்கள் போய் இறங்கும்போது தூறல். தூறலுக்கு நண்டுகளெல்லாம் ஏதோ திருவிழா மாதிரி வெளியே வந்திருந்தன.

"ஆன்ட்டி! ஆன்ட்டி! இதர் ஆவோ!" இங்கே வாங்க என்று பெண் இந்தியில் கத்தினாள்.

நான் ஓடினேன். எனக்கு ஓட வரும் என்பதையே மறந்திருந்தேன். சாய்ந்த மரம் ஒன்றின் வேர்களுக்கு இடையில், கை நுழைகிற அளவு பொந்து. அதன் உள்ளே அந்தச் சங்கு. ஐந்து புள்ளிகளில் மூன்று மிச்சம் இருந்தன. பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தொடாமல், குனிந்து பார்த்தாள். நானும் குனிந்தேன். சங்கு அசைந்தது. கால்கள் வெளியே வந்தன.

அவை சின்னக் கால்கள். கொடுக்கும் சின்னது, வெளிறிய நிறம். அந்தப் பெரிய வாசலில் அது ஒரு மூலையில்தான் இருந்தது. என் நண்டின் ஊதாக் கொடுக்கு வாசல் முழுவதையும் அடைக்கும்.

"இது வேற ஆள்" என்றாள் பெண்.

நான் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் முடிந்தது என்று தோன்றியது. அது செத்துப்போய், காலி வீட்டில் இன்னொன்று குடியேறியிருக்கிறது. அழக்கூடாது என்று இருந்தேன். தூறல் இருந்ததால் பெண்ணுக்குத் தெரிந்திருக்காது.

அவள் சங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடலைப் பார்த்தாள். மறுபடியும் சங்கைப் பார்த்தாள். என் படியில் உட்கார்ந்து கணக்குப் போடும்போது இருக்கும் முகம்.

"ஆன்ட்டி, நீங்க எங்க எறிஞ்சீங்க?"

"அதோ, அந்த வலைக்கு நடுவுல."

"அப்ப இந்தச் சங்கு அங்க இருந்துச்சு. இப்ப இங்க இருக்கு. யாரு தூக்கிட்டு வந்தா?"

"அலை கொண்டுவந்திருக்கும், கண்ணு." அவளை ஏமாற்ற எனக்கு மனம் இல்லை.

"அலை இன்னும் இவ்வளவு தூரம் வரவே இல்லையே. காஞ்ச இலை எல்லாம் அப்படியே கிடக்கு பாருங்க. சரி, கரை வரைக்கும் அலை கொண்டுவந்துச்சு, அங்கேயிருந்து இந்தச் சின்னது தூக்கிட்டு வந்துச்சுன்னு வைங்க. இத்தனூண்டு, இவ்வளவு பெரிய வீட்டைத் தூக்கி, மேல ஏறி, பொந்துக்குள்ள வந்துச்சா? இல்ல ஆன்ட்டி. பெரியவர்தான் நடந்து வந்தாரு. இங்க வந்து வேற பெரிய வீடு கிடைச்சுது, மாறிட்டாரு. இவன் இங்கேயே இருந்தான், உள்ள புகுந்துட்டான். இவங்க வளர வளர வீடு மாத்துவாங்க, அதுதான் இவங்க வேலையே."

தம்பி, பள்ளிக்கூடத்தில் நீ கேட்டதற்கு நான் தரக்கூடிய பதில் இதுதான். எனக்கு நூற்றுக்கு நூறு இன்றைக்கும் தெரியாது. அந்தப் பெண் போட்ட கணக்கில் ஓட்டை இருக்கலாம். நான் தேடிப் பார்த்தேன், எனக்குக் கிடைக்கவில்லை. புதுச் சங்கோடு போன அந்த ஊதாக் கொடுக்கையும் அன்றைக்குக் காணவில்லை. நூறு நண்டுகள் போய்க்கொண்டிருந்தன, அதில் எது என்று எப்படிச் சொல்வது? அடையாளத்தைத்தான் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டதே. அந்த நோட்டுதான் பிறகு புத்தகம் ஆனது. அதன் கடைசிப் படத்தில் சங்கில் மூன்றே புள்ளி இருக்கிறது, அச்சுப்பிழையா என்று சிலர் கேட்டார்களாம். பிழை இல்லை. பெண் வரையச் சொன்னது அது.

மழை பலத்தது. இரண்டு பேரும் நனைந்துகொண்டே பஸ் நிறுத்தத்துக்கு ஓடினோம். அங்கே நாலைந்து பேர் ஒதுங்கி நின்றிருந்தார்கள். பெண் பிரஷ்ஷை எடுத்தாள். நான் கையை விரித்தேன். தலை, தோள், இடுப்பு எல்லாம் காட்டிவிட்டு, என் கக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் உறைக்கு நேரே வந்ததும் கீ கீ கீ என்று கத்தினாள்.

"இதுல என்ன?"

"நோட்டு."

"திறங்க."

திறந்தேன். பென்சில் எழுத்து முடிகிற இடம் வரை புரட்டினாள். மிச்சம் நாலு பக்கம் வெறுமையாக இருந்தது. அதன்மேல் தண்ணீர் சொட்டாமல் தன் பாவாடையை விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

"பில் ஹை?" என்றாள், காவலர் மாதிரியே குரலைக் கட்டையாக்கி.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அத்தனை பேர் நடுவில், பல் எல்லாம் தெரிய. தூணுக்குப் பின்னால் போக அங்கே தூணும் இல்லை. கண்டக்டர் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்து, "க்யா மௌசி, கேக்டா கிடைச்சுதா?" என்று கேட்டார்.

"வீடு மாறிப் போயிடுச்சு!" என்று இந்தியில், அவருக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பெண் பிரஷ்ஷைப் பையில் வைத்துக்கொண்டு, "பில் நாளைக்குக் கொண்டுவாங்க" என்று என்னை பஸ்ஸில் ஏற விட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் பென்சிலையும் தந்தாள். பஸ் குலுக்கிய குலுக்கலில் எழுத்து கோணல்மாணலாக வந்தது. கராச்சர்மா வருவதற்குள் கடைசி அத்தியாயத்தில் ஒரு பக்கம் முடிந்திருந்தது.